மணக்குடிப் பறவைக்கு நாள் குறித்துக் கொடுப்பது யார்?

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் வீடு மணக்குடிக் காயலுக்குப் பக்கத்தில். ஐப்பசி வாக்கில் சின்னச் சின்னக் கரைப்பறவைகள் வந்து சேற்றில் இறங்குகின்றன. சித்திரை முடிவதற்குள் பெரும்பாலானவை போய்விடுகின்றன. விலங்குகளின் மூளை பகலின் நீளத்தை அளந்து பருவத்தைத் தெரிந்துகொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஐரோப்பாவுக்கு அது சரி. நம் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பகலும் இரவும் ஒரே அளவுதானே? பனியும் கிடையாது. இங்கே நின்றுகொண்டு ஒரு பறவை எதை அளக்கும்? கடலுக்குப் போகும் என் அப்பா, "காத்து மாறினா அதுகளுக்குத் தெரியும், கிளம்பிரும்" என்கிறார். இன்னொன்று. கரடி, அணிலைப்போல் நம்மூர் உயிர் எதற்காவது குளிர்கால உறக்கம் உண்டா? கோடையில் தவளை மண்ணுக்குள் கிடப்பதும் அதுதானா?

ஒரு வாசகர், மணக்குடி

அன்புள்ள தம்பி,

அப்பா சொல்வது பாதி சரி என்று முதலில் அவரிடம் சொல்லிவிடுங்கள். மீதிப் பாதி பறவையின் தலைக்குள் இருக்கிறது.

பகல் இங்கே ஒரே அளவு என்பது நம் எண்ணம். கன்னியாகுமரியில் ஜூன் மாதத்து நீண்ட பகல் சுமார் 12 மணி 35 நிமிடம். டிசம்பரின் குறுகிய பகல் சுமார் 11 மணி 40 நிமிடம். ஒரு மணி நேரம்கூட வித்தியாசம் இல்லை, அதுவும் ஆறு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. நமக்கு உறைக்காததில் ஆச்சரியமில்லை. ஆனால் பனாமா நாட்டுக் காட்டில், எறும்புப் படைகளைத் தொடர்ந்துபோய்ப் பூச்சி பிடிக்கும் ஒரு சிறு பறவை இருக்கிறது. அந்த இடம் நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கே. நாம் 8 பாகையில் இருக்கிறோம், ஏறக்குறைய ஒரே வரிசை. 1998இல் வெளியான ஓர் ஆய்வில் அந்தப் பறவைகளைக் கூண்டில் வைத்து, 12 மணி நேர வெளிச்சத்தை வெறும் 17 நிமிடம் கூட்டினார்கள். அவற்றின் இனப்பெருக்க உறுப்புகள் வளரத் தொடங்கிவிட்டன. ஒரு சாயா குடித்து முடிக்கும் நேரம்தான் அந்த 17 நிமிடம்!

நம் ஏலா வயல்களிலும் இதைப் பார்த்திருப்பார்கள். பழைய நெல் ரகங்கள் பல, பகல் குறுகுவதைக் கணக்கு வைத்துத்தான் கதிர் விடும். நடவு பத்து நாள் முந்தினாலும் பிந்தினாலும் பூக்கிற காலம் அவ்வளவாக மாறாது. கன்னிப்பூ, கும்பப்பூ என்று பூவின் பெயரிலேயே போகங்களைச் சொல்லி வந்த மாவட்டம் இது.

சரி, பறவை எதைக்கொண்டு அளக்கிறது? கண்ணால் என்றுதான் யாரும் நினைப்போம். பிரான்சில் ஷாக் பெனுவா 1930களில் வாத்துகளை வைத்துச் செய்த சோதனைகள் வேறு பதிலைச் சொல்லின. பார்வையில்லாத வாத்துக்கும் வெளிச்சத்தின் நேரம் நீண்டால் விரை வளர்ந்தது. வெளிச்சம் மண்டையோட்டைக் கடந்து நேராக மூளைக்குள் போகிறது. இருட்டறையில் டார்ச்சை விரல்களுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள், சதை சிவப்பாக ஒளிரும். பறவையின் மண்டையோடு அந்த அளவுக்குக்கூடத் தடிமன் இல்லை. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸில் ஒளியை உணரும் நரம்பணுக்கள் இருக்கின்றன. வெளிச்சம் நீண்டதும் அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் காம்புப் பகுதியில் ஒரு ஹார்மோன் சுரந்து, ஹைப்போதலாமஸுக்குள் தைராய்டு ஹார்மோனை முடுக்கிவிடுகிறது. ஜப்பானில் தகாஷி யோஷிமுராவின் குழு இதைக் காடைகளில் கண்டுபிடித்தது. முதல் நீண்ட பகலிலேயே அந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது.

நம்மைப் போன்ற பாலூட்டிகளில் அளவு எடுப்பது இரவின் பக்கமிருந்து. கண்ணிலிருந்து வரும் செய்தியை, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்கு மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து வாங்கிக்கொள்கிறது. இருட்டு இருக்கும்வரை மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நீண்ட இரவென்றால் நீண்ட சுரப்பு. அந்த நீளத்தைப் படிப்பதும் அதே பிட்யூட்டரிக் காம்புதான். பறவையும் அணிலும் இரண்டு வழியாக வந்து ஒரே வாசலில் நிற்கின்றன.

ஆனாலும் உங்கள் கேள்வி முழுதாகத் தீரவில்லை. பகலே மாறாவிட்டால்? ஜெர்மனியில் எபர்ஹார்ட் க்வின்னர் சிறிய பாடும் பறவைகளை ஒரே வெப்பம், 12 மணி வெளிச்சம், 12 மணி இருட்டு என்று வருஷக்கணக்கில் வைத்திருந்தார். அவற்றுக்கு எந்தச் செய்தியும் போகவில்லை. இருந்தும் அவை காலம் தவறாமல் கொழுத்தன, இறகு மாற்றின, வலசைக் காலம் வந்ததும் கூண்டுக்குள் இரவெல்லாம் துள்ளின. ஒரு சுற்று ஏறக்குறைய பத்து மாதம். அதாவது வருஷத்தின் கணக்கு உள்ளேயே ஓடுகிறது, ஆனால் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. பகலின் நீளம் அதைத் தட்டித் திருத்தி வைக்கிறது.

இனி அப்பாவின் காற்றுக்கு வருவோம். போன பங்குனியில் ஒரு சாயங்காலம் பழையாற்றுப் பொழிமுகத்துக்குப் பக்கத்தில் சேற்றோரம் உட்கார்ந்திருந்தேன். பத்தடி தூரத்தில் ஓர் உப்புக்கொத்தி. நாலு எட்டு ஓடும், சட்டென நிற்கும், கொத்தும், மறுபடி ஓடும். மார்கழியில் வெறும் மண் நிறமாக இருந்த நெஞ்சில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக ஏறியிருந்தது. வயிறு பருத்து நடையே கனமாக இருந்தது. அது முட்டையிடப்போகும் இடம் லடாக்கிலோ திபெத்திலோ, இன்னும் உறைந்து கிடக்கும். அங்கே போய்ச் சேரும்போது என்ன நிறம் வேண்டுமோ அதை நம்மூர் வெயிலில் நின்றே உடுத்திக்கொண்டிருந்தது. காற்று அப்போது இன்னும் மாறவில்லை. உங்கள் அப்பா வலையைச் சரிபார்த்து, எஞ்சினுக்கு எண்ணெய் ஊற்றி எல்லாம் தயாராக வைத்த பிறகுதானே காற்றைப் பார்க்கிறார்? பறவையும் அப்படித்தான். தயாராவது மூளையின் கணக்கில், கிளம்புகிற ராத்திரியைக் குறிப்பதில் காற்றுக்கும் பங்கு உண்டு.

அடுத்த கேள்விக்கு வருகிறேன். உறக்கம் என்ற சொல்தான் நம்மைக் குழப்புகிறது. அலாஸ்காவின் தரை அணில் மண்ணுக்கடியில் ஏழெட்டு மாதம் கிடக்கிறது. அதன் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்குவதை 1989இல் அளந்து வெளியிட்டார்கள். அவ்வளவு குளிரிலும் ரத்தம் உறைவதில்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த அணில் நடுங்கி, சூடு தரும் பழுப்புக் கொழுப்பை எரித்து, உடம்பை 36, 37 டிகிரிக்கு ஏற்றிக்கொள்கிறது. சேர்த்து வைத்த கொழுப்பில் பெரும்பங்கு இதற்கே செலவாகிறது. அப்படி ஏறி வந்து என்ன செய்கிறது தெரியுமா? பெரும்பாலும் தூங்குகிறது! குளிர்ந்து கிடந்தபோது மூளைக்குத் தூக்கம் கிடைக்கவில்லை, அந்தக் கடனை அடைக்கிறது. குளிரில் சுருங்கிப்போன நரம்பணுக் கிளைகளும் சில மணி நேரத்தில் மறுபடி தளிர்க்கின்றன. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

குளிர் வந்து அணிலை வீழ்த்துவதாக நினைக்கவேண்டாம். மூளை தானாகவே வெப்பத்தின் அளவைக் கீழே திருப்பி வைக்கிறது. அந்த அளவுக்கும் கீழே போனால் உடம்பு மறுபடி சூடு உண்டாக்கும். 2020இல் ஜப்பானின் ட்சுகுபா பல்கலைக்கழகத்தினர், எலியின் ஹைப்போதலாமஸில் ஒரு சிறு கூட்டம் நரம்பணுக்களைத் தூண்டினார்கள். எலி குளிர்கால உறக்கம் கொள்ளாத பிராணி. இருந்தும் அதன் உடல் வெப்பமும் மூச்சும் தாழ்ந்து, ஒரு நாளுக்கு மேல் அப்படியே கிடந்து, பிறகு கேடில்லாமல் மீண்டது. குளிர் நாடும் தேவையில்லை. மடகாஸ்கரில் வாலில் கொழுப்புச் சேர்க்கும் ஒரு குட்டி லெமூர், நம் தேவாங்குக்குத் தூரத்துச் சொந்தம், மரப்பொந்தில் ஏழு மாதம் இப்படிக் கிடக்கிறது. வெளியே 30 டிகிரி வெயில் அடித்தாலும் கிடக்கிறது.

தவளை வேறு. சிறுவயதில் கோடையில் தென்னைக்குத் தடம் எடுத்தபோது மண்வெட்டிக்கு ஓரத்தில் ஒரு மாக்கான் தவளை கிடந்தது. கால்களை மடக்கி, கண் மூடி, தோலில் மண் ஒட்டி, செத்ததுபோல். அப்பா அதை வாய்க்கால் ஈரத்தில் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தொண்டை துடித்தது, அப்புறம் கண் திறந்தது. தவளைக்கு உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் வேலையே இல்லை, அதனால் இறக்கிவைக்க அப்படியொரு சூடும் இல்லை. அதன் பயம் வறட்சி. இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை மண்ணில் இறங்கினால் அன்று ராத்திரியே வெளியே வந்து கத்தும். அணில் பனி விழுமுன்னே உள்ளே போகிறது, தவளை மழை வந்த பின்னே வெளியே வருகிறது. இரண்டையும் ஒரே பெயரில் கட்டக்கூடாது என்பது என் கருத்து.

ஒரு கவலையையும் சொல்லவேண்டும். ஜெர்மனியில் கரும்பறவைகளுக்கு இரவில் 0.3 லக்ஸ் வெளிச்சம், கிட்டத்தட்ட முழுநிலவின் அளவு, தொடர்ந்து கொடுத்தார்கள். 2013இல் வந்த முடிவின்படி அவை ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிட்டன. சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூரும் 2022இல் ராம்சார் என்னும் பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அந்தக் கரைகளில் விளக்கு வேண்டும் என்று கேட்கும்போது, தண்ணீரின் மேல் வெளிச்சம் விழாதபடி மூடி போட்ட விளக்காகக் கேளுங்கள். பகலின் நீளத்தை எண்ணுகிற மூளைகள் அங்கே இரவைக் கழிக்கின்றன.

வரும் பங்குனியில் அப்பாவோடு பொழிமுகத்துக்குப் போய் உப்புக்கொத்திகளின் நெஞ்சைப் பாருங்கள். செங்கல் நிறம் முதலில் கண்ட தேதியையும், கூட்டம் காணாமல்போன தேதியையும், அன்று என்ன காற்று என்று அப்பா சொல்வதையும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்