வாசகர் கேள்வி – பதில்: மூன் மலிக்கனின் பியானோ

கே: ராக் அண்ட் ரோல் பியானோ கலைஞர் ஜெரி லீ லூயிஸ் பற்றிப் படிக்கும் இடமெல்லாம் மூன் மலிக்கன் என்ற பெயர் அடைப்புக்குறிக்குள் வந்து போகிறது. யார் அவர்?

ப: அடைப்புக்குறிக்குள் அடைக்கக்கூடிய ஆள் இல்லை அவர். அமெரிக்க கன்ட்ரி (நாட்டுப்புற வேர்கொண்ட ஜனரஞ்சக இசை) பாடகர், பியானோ கலைஞர். இயற்பெயர் ஆப்ரி வில்சன் மலிக்கன். 1909 மார்ச் 29 அன்று கிழக்கு டெக்சஸில் கோரிகன் ஊருக்கு அருகே ஒரு பண்ணையில் பிறந்தார். பக்திப் பாடலுக்காக அப்பா வாங்கிவைத்த, காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம் வீட்டில் இருந்தது. நிலத்தில் வேலை செய்த கறுப்பின வாரக்காரர் ஒருவரிடம் கிட்டாரில் ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையைக் கற்றார். கிட்டாரில் கேட்டதை ஆர்மோனியக் கட்டைகளில் தேடியதில்தான் அவருடைய பாணி பிறந்தது. பதின்ம வயதிலேயே ஹூஸ்டனுக்குப் போய், மதுக்கடை நடனக்கூடங்களில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

1930களில் கிளிஃப் புரூனரின் இசைக்குழுவில் இருந்தார். அந்தக் குழுவுக்காக 1939இல் அவர் பாடிய ‘டிரக் டிரைவர்ஸ் ப்ளூஸ்’ லாரி ஓட்டுநர் பாடல்களில் முன்னோடி. பிறகு சின்சினாட்டியின் கிங் ரெக்கார்ட்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். கன்ட்ரி இசையையும் கறுப்பின ரிதம் அண்ட் ப்ளூஸையும் ஒரே கூரையின்கீழ் பதிவுசெய்த நிறுவனம் அது. அங்கே கன்ட்ரி பாடகர்களுக்கும் பதிவுகளை நடத்தித் தந்த ஹென்றி க்ளோவர் ஒரு கறுப்பினக் கலைஞர். மலிக்கனுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமைந்திருக்காது. 1950இல் ‘ஐல் செயில் மை ஷிப் அலோன்’ கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

கே: கீபோர்டு ஓரளவு வாசிப்பேன். இந்தப் பாணியை எங்கே தொடங்குவது?

ப: இடது கையில். வலது கையைப் பத்து நாள் மறந்துவிடுங்கள்.

C சுருதியில் C, E, G, A, B ஃப்ளாட், A, G, E என எட்டு ஸ்வரங்கள் ஒரு அளவுக்குள் (bar, நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று) அடங்கவேண்டும். நம் முறையில் ச க ப த நி த ப க. காந்தாரம் அந்தரம், தைவதம் சதுஸ்ருதி, நிஷாதம் கைசிகி. எல்லாமே அரிகாம்போதியில் வரும் ஸ்தானங்கள் என்பதால் காதுக்குப் புதிதாக இருக்காது. சுண்டுவிரல் 5, கட்டைவிரல் 1 என்று வைத்தால், விரல் வரிசை 5-3-2-1-2-1-2-3. நிஷாதத்துக்கு ஆள்காட்டி விரல் கட்டைவிரலைத் தாண்டிப் போகும்.

தொடங்கும் ஸ்வரத்தை மாற்றி இதையே பன்னிரண்டு அளவுக்கு விரியுங்கள்: C நான்கு, F இரண்டு, C இரண்டு, G ஒன்று, F ஒன்று, C இரண்டு. F, G இரண்டிலும் விரல் வரிசை மாறாது.

பெரும்பாலோர் தடுமாறுவது நான்காம் அளவிலிருந்து ஐந்தாவதுக்குத் தாவும்போது. சுண்டுவிரல் F கட்டைக்கு ஒரு நொடி தாமதமாகப் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தில் ஆட்டமே நின்றுவிடும். அந்த இரண்டு அளவுகளை மட்டும் தனியாக, மெட்ரோனோம் என்ற தாளக் கருவியை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து இருபது முறை வாசியுங்கள். வேகத்தை நான்கு நான்காகத்தான் கூட்ட வேண்டும். முன்கை வலித்தால் மணிக்கட்டு இறுகிவிட்டது என்று பொருள்; பல்லைக் கடித்துக்கொண்டு தொடராதீர்கள், வேகத்தைக் குறையுங்கள்.

அதன்பிறகு வலது கை. மலிக்கன் மெட்டைப் பெரும்பாலும் இரண்டே விரலால் எடுத்ததாகச் சொல்வார்கள். பத்து விரலையும் போட்டு நிரப்பினால் அவருடைய தெளிவு வராது.

கே: பழைய மதுக்கடைப் பியானோவுக்கு அந்தச் சலசலப்பு எப்படி வருகிறது?

ப: பியானோவில் பெரும்பாலான கட்டைகளுக்கு மும்மூன்று தந்திகள். மூன்றும் ஒரே சுருதியில் இருந்தால் ஒலி சுத்தமாக இருக்கும். பராமரிப்பில்லாத பியானோவில் ஒன்று மட்டும் சற்றே விலகும். அந்த வேறுபாடுதான் சலசலப்பு. கீபோர்டில் ‘ஹாங்கி-டாங்க் பியானோ’ என்றொரு ஒலி இருக்கும் (கீபோர்டுகளுக்குப் பொதுவான ‘ஜெனரல் மிடி’ ஒலி வரிசையில் 4ஆம் எண்). பயிற்சிக்கு அது வேண்டாம். உங்கள் தவறுகளை மறைத்துவிடும்.

கே: ‘ஜம்பலாயா’ பாட்டை எழுதியது கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸா, மலிக்கனா?

ப: 1952 இசைத்தட்டில் வில்லியம்ஸ் பெயர் மட்டுமே உண்டு. மெட்டு லூசியானாவில் பிரெஞ்சு வழிவந்த கேஜன் மக்கள் பாடிய பழைய பாட்டை ஒட்டியது. மலிக்கனுக்கும் பங்கு உண்டு என்று இசை வரலாற்றாளர் பலர் கருதுகிறார்கள்; கிங் நிறுவனத்தோடு அவருக்கு இருந்த ஒப்பந்தமே பெயர் விடுபடக் காரணம் என்பது அவர்கள் வாதம்.

கே: அப்படிப்பட்டவர் ஏன் மறக்கப்பட்டார்?

ப: வயது. 1956இல் ‘செவன் நைட்ஸ் டு ராக்’ வந்த ஆண்டில் அவருக்கு 47 வயது நிறைந்தது. எல்விஸுக்கு 21. இளைஞர்கள் சுவரில் ஒட்டிவைக்கும் முகம் தேடிய காலம் அது. வாசிப்பில் குறையே இல்லை. அந்தப் பதிவைக் கேட்டால் யார் முன்னால் போனவர் என்பது புரியும். 1967 ஜனவரி 1 அன்று டெக்சஸின் போமான்ட்டில் காலமானார்.

கே: எதை முதலில் கேட்பது?

ப: ‘ஐல் செயில் மை ஷிப் அலோன்’. அதே பாட்டை ஜெரி லீ லூயிஸ் 1958இல் அமெரிக்காவின் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு 1951இன் ‘செரோக்கி பூகி’. அதில் மேலே சொன்ன இடது கையை மட்டும் காதால் பின்தொடருங்கள்.