கண்ணில் ஆயில், கண்ணில் பிரஷர்: அப்பாவுக்குப் பார்வை திரும்புமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. 18 வருடமாகச் சர்க்கரை. வலது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, விழித்திரையும் பிரிந்துவிட்டது என்று ஆபரேஷன் செய்து சிலிகான் ஆயில் வைத்திருக்கிறார்கள். 7 வாரம் ஆகிறது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால்தான் தெரிகிறது. போன வாரம் கண் பிரஷர் 32 என்றார்கள். தினமும் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவருக்கு எப்படி ஏறும்? அது குறைந்தால் பார்வை வந்துவிடுமா?

பதில்: அப்பா சாப்பிடுவது ரத்தக் கொதிப்புக்கான மாத்திரை. கண் பிரஷர் வேறு சங்கதி. கண்ணுக்குள் ஓயாமல் ஒரு நீர் சுரந்து, கருவிழி ஓரத்தில் உள்ள சல்லடை வழியாக வடிகிறது. சல்லடை அடைபட்டால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 வரை சாதாரணம். 32ஐ அப்படியே விட்டுவைத்தால் பார்வை நரம்பு தேயத் தொடங்கும்.

7 வாரம் என்றதும் எனக்கு முதல் சந்தேகம் சொட்டு மருந்தின் மேல்தான். குலுக்கிவிட்டுப் போடச் சொல்லும், பால் மாதிரி வெள்ளைச் சொட்டு ஒன்றை இன்னும் போடுகிறாரா? அது பெரும்பாலும் ஸ்டீராய்டு. சிலருக்குச் சில வாரங்களிலேயே பிரஷரை ஏற்றிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறைப்பதா, மாற்றுவதா என்று டாக்டர் சொல்லட்டும்.

விழித்திரையை ஒட்டவைக்க உள்ளே விட்ட ஆயிலும் காரணமாகலாம். நாளாக ஆக அது பொடிப்பொடித் துளிகளாக உடைந்து வடிகாலை அடைக்கும். விழித்திரை நன்றாக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் 3 முதல் 6 மாதத்துக்குள் எடுத்துவிடுவார்கள். நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு: சர்க்கரையால் வடிகால் மேலேயே புது ரத்தக்குழாய் முளைப்பது. அதற்கு ஊசியும் லேசரும் தாமதமில்லாமல் வேண்டும். "வடிகால் மூலையை லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

பிரஷர் சொட்டு எழுதும்போது அப்பாவுக்கு வீசிங் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். டிமோலால் என்ற பிரஷர் சொட்டு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும்; லோ சுகர் ஆகும்போது வரும் படபடப்பையும் மறைத்துவிடும். கண் பிரஷரைக் குறைக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை என்றால், சிறுநீரக நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். சொட்டைக் கீழிமைக்குள் ஒன்றே ஒன்று விட்டு, கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை 2 நிமிடம் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். அடுத்த மருந்துக்கு 5 நிமிட இடைவெளி.

இனி பார்வை. பிரஷர் குறைந்தால் இருப்பது காப்பாற்றப்படும். நரம்பில் போனது திரும்பாது. ஆனால் இப்போதைய மங்கலை முழுக்கப் பிரஷர் கணக்கில் எழுத வேண்டாம். ஆயில் இருக்கும்வரை கண்ணின் பவரே +5 அளவுக்கு மாறியிருக்கும். போதாததற்கு, இந்த ஆபரேஷனுக்குப் பிறகு புரையும் சீக்கிரம் வளரும். ஆயிலை எடுத்து, புரையையும் சரிசெய்து, கண்ணாடி போட்ட பிறகுதான் நிஜ நிலவரம் தெரியும். அதற்குப் பல மாதம் ஆகும். விழித்திரையின் நடுப்புள்ளிக்கு ரத்த ஓட்டம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கும். பலருக்குத் துணையில்லாமல் நடமாடும் அளவுக்கு வருகிறது. பேப்பர் படிக்கும் அளவுக்கு வருமா என்று நேரில் பார்க்காமல் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

திடீரென்று கடும் கண்வலி, தலைவலி, வாந்தி வந்தால் நடு இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பித்தம் என்று ரசம் வைத்துக் கொடுத்துக் காத்திருக்காதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். இடது கண்ணைக் கடைசியாக எப்போது சொட்டு விட்டு விரித்துப் பார்த்தார்கள்? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.