புதிய வயரிங் என்று சொல்லி விற்ற வீடு: குழாயில் ஷாக் அடிப்பது எதைக் காட்டுகிறது?

கேள்வி: சில மாதங்களுக்கு முன் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். வயரிங் முழுவதையும் அண்மையில் மாற்றிவிட்டதாக விற்றவர் சொன்னார். வேலை செய்தவர் யார் என்று கேட்டால், ‘தெரிந்த ஒருவர்’ என்பதற்கு மேல் விவரம் கிடைக்கவில்லை. வாட்டர் ஹீட்டர் ஓடும்போது குளியலறைக் குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. அந்த நேரத்தில் கூடத்து விளக்கும் மங்குகிறது. மற்றபடி எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. அடுத்த மாதம் சுவர்களுக்கு வண்ணம் பூச இருக்கிறோம். இது முறையாகப் பயின்றவர் செய்த வேலைதானா என்பதை, எதையும் பிரித்துப் பார்க்காமல் நாங்களே அறிய முடியுமா?

பதில்: மற்ற எதற்கும் முன்பாக ஹீட்டருக்குரிய எம்.சி.பி.யை (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும், போர்டில் உள்ள சுவிட்ச்) இறக்கிவிட்டு, பிளக் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். வேலை தெரியாதவர் சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் வைக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரலில் வைத்திருந்தால், சுவிட்ச் அணைந்திருக்கும்போதும் ஹீட்டருக்குள் மின்சாரம் நின்றுகொண்டுதான் இருக்கும். அதன்பிறகும் குழாயில் ஷாக் அடித்தால் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டு, அன்றைக்கே உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். ‘லேசாக’ என்ற சொல்லை நீங்கள் நம்பிவிடக் கூடாது என்பதே என் முதல் கவலை. காலும் தரையும் ஓரளவு உலர்ந்திருப்பதால்தான் இன்று லேசாக அடிக்கிறது. நனைந்த உடலின் தடை பல மடங்கு குறைந்துவிடும். ஏறத்தாழ 10 மில்லி ஆம்பியர் உடலில் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாத நிலை பலருக்கு வந்துவிடும். அதற்கு மேல் சில பத்து மில்லி ஆம்பியர் தொடர்ந்து பாய்ந்தால் இதயத் துடிப்பே குலைந்துபோகலாம்.

‘எல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு விளக்கு எரிவதற்கு ஃபேஸும் நியூட்ரலும் போதும். கசிந்த மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் வயர், சரியான அளவுள்ள எம்.சி.பி., கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய எதுவும் விளக்கை எரியவைப்பதில்லை. அவை பழுது வரும் நாளில் மட்டுமே தங்கள் வேலையைச் செய்கின்றன. அரைகுறையாகத் தெரிந்தவர் விட்டுவிடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். அதனால் அவருடைய வேலை, முறையான வேலையைப் போலவே மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

உங்கள் குழாயில் அடிக்கும் ஷாக் ஒரே ஒரு பழுதால் வருவதாக நான் நினைக்கவில்லை. ஹீட்டரின் சூடேற்றும் கம்பியிலிருந்து மின்சாரம் கசிவது ஒரு பழுது. அது நல்ல வயரிங் உள்ள வீட்டிலும் நேரக்கூடியதுதான். ஆனால் அங்கே கசிந்த மின்சாரம் எர்த் வழியாக இறங்கிவிடும், ஆர்.சி.சி.பி.யும் உடனே துண்டித்துவிடும், குழாய் வரை எதுவும் வராது. வந்திருக்கிறது என்றால் எர்த் இல்லை, அல்லது பெயருக்கு மட்டும் இருக்கிறது; ஆர்.சி.சி.பி.யும் அப்படியே இருக்கலாம். எர்த் பல விதங்களில் பொய்யாக இருக்கலாம். பிளக் பாயிண்டில் எர்த் துளை இருக்கும், அதன் பின்னால் வயர் இருக்காது. அல்லது ஒரு காலத்தில் இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு அந்தக் குழாயின் ஒரு பகுதி பிளாஸ்டிக்காக மாறியதும் எர்த் அறுந்துபோயிருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது மூன்றாவது விதம்: பிளக் பாயிண்டின் உள்ளேயே எர்த் முனையையும் நியூட்ரல் முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. இப்படிச் செய்த பாயிண்டில் சோதனை பிளக்கைச் செருகினால், ‘எல்லாம் சரி’ என்றே அது காட்டும். வரும் வழியில் எங்காவது அந்த நியூட்ரல் விட்டுப்போனால், செருகியிருக்கும் கருவியின் உலோக உடல் முழுவதும் ஃபேஸ் மின்னழுத்தத்துக்கு ஏறிவிடும். ‘எர்த்தும் நியூட்ரலும் ஒன்றுதான்’ என்று சொல்லும் ஒருவரை அடுத்த நிமிடமே வேலையிலிருந்து நிறுத்திவிடலாம். அவருக்கு இந்தத் தொழிலின் அடிப்படை தெரியாது.

விளக்கு மங்குவதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். 2000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரின் தடை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12 ஓம். 20 மீட்டர் தூரத்துக்குப் போய்த் திரும்பும் 40 மீட்டரில் அது அரை ஓமுக்கும் குறைவு. மின்னழுத்த இழப்பு 4 வோல்ட்டைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். மோட்டார் தொடங்கும் கணத்தில் விளக்கு ஒருமுறை துடிப்பது வேறு விஷயம். ஹீட்டர் ஓடும் நேரம் முழுவதும் கண்ணுக்குத் தெரியுமளவு மங்குகிறதென்றால், எங்கோ ஓர் இணைப்பு லூசாக இருக்கிறது, அல்லது வயர் மிக மெல்லியது, அல்லது வீட்டுக்கு வரும் இணைப்பிலேயே குறை இருக்கிறது. லூசான இணைப்பில் அரை ஓம் தடை சேர்ந்தால், அந்த ஒரு புள்ளியில் 38 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சிறிய சால்டரிங் அயர்னைச் சுவருக்குள் வைத்துப் பூசியதற்கு அது சமம். மின்னோட்டம் கூடாததால் எம்.சி.பி. இதை அறியவே அறியாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: உங்கள் வீட்டுக்கு மூன்று ஃபேஸ் இணைப்பு இருந்து, சில விளக்குகள் மங்கும்போது வேறு சில வழக்கத்தைவிடப் பிரகாசமாக எரிந்தால், மெயின் நியூட்ரல் விட்டுப்போகும் அறிகுறி அது. அப்போது கருவிகளுக்குள் 400 வோல்ட் வரை ஏறலாம். தாமதிக்காமல் மெயினை அணைத்துவிட்டு, மின்விநியோகம் செய்பவர்களை அழையுங்கள்.

இனி, எதையும் பிரிக்காமல் நீங்களே செய்யக்கூடியது. போர்டில் ‘டெஸ்ட்’ பொத்தான் உள்ள ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அழுத்தியதும் அது விழ வேண்டும், அதாவது தானே அணைந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். விழுந்த பிறகு, ஒரு மேசை விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு பாயிண்டிலும் செருகிப் பாருங்கள். எங்கெல்லாம் விளக்கு எரிகிறதோ அங்கெல்லாம் அந்தக் காவல் இல்லை. குளியலறையும் சமையலறையும் அந்தப் பட்டியலில் வந்தால், யாரோ அவற்றை ஆர்.சி.சி.பி.க்கு வெளியே இணைத்திருக்கிறார்கள். ‘அடிக்கடி விழுந்துகொண்டிருந்தது, அதனால் எடுத்துவிட்டோம்’ என்ற பதிலைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறேன். விழுந்த காரணத்தைத் தேடாமல், விழுந்த ஆர்.சி.சி.பி.யையே நீக்குவதுதான் பயிற்சி இல்லாத வேலையின் மிகத் தெளிவான அடையாளம்.

அடுத்ததாக எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக இறக்கி, எது எதனுடையது என்று குறித்துக்கொள்ளுங்கள். முறையாகச் செய்தவர் போர்டிலேயே பெயர் எழுதி ஒட்டியிருப்பார். ஹீட்டர் போன்றவற்றுக்குத் தனி சர்க்யூட் கொடுத்திருப்பார். எம்.சி.பி.யின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் பாருங்கள். எம்.சி.பி. காப்பது வயரைத்தான், உங்களை அல்ல. ஆகவே, வெறும் விளக்குகளும் மின்விசிறிகளும் உள்ள மெல்லிய வயரின் சர்க்யூட்டில் 32 என்ற எண் இருந்தால், வயரின் உறை உருகத் தொடங்கிய பிறகும் அது விழாமல் நிற்கலாம். பழைய ஃபியூஸில் தடித்த செம்புக் கம்பியைக் கட்டிவைப்பதும் இதே தவறுதான்.

பழுப்பேறிய பிளக் பாயிண்டுகள், சுவிட்சில் இரையும் ஒலி, கருகிய பிளாஸ்டிக் வாசனை, டேப் மட்டும் சுற்றி வெளியே தொங்கும் இணைப்புகள் ஆகியவை பார்த்ததும் தெரிந்துவிடும். வயரின் நிறங்கள் நாட்டுக்கு நாடு மாறினாலும், பச்சையோ பச்சையும் மஞ்சளும் கலந்ததோ எர்த்துக்கு உரியது என்பது பெரும்பாலும் எங்கும் பொது. அந்த நிறத்தில் ஒரு வயர் சுவிட்சுக்குள் போவதைக் கண்டால் அதைத் தொடாதீர்கள்; அதை ஃபேஸாகப் பயன்படுத்தியிருக்கக்கூடும்.

சோதிக்க வருபவர் உரிமம் வைத்திருக்கிறாரா என்பதை எண்ணையும் காலாவதி நாளையும் கேட்டு, உரிமம் வழங்கிய அலுவலகத்தில் சரிபாருங்கள். உரிமத் தாள் மட்டும் எனக்குப் போதாது. உரிமம் உள்ளவர் கையெழுத்திட, உரிமம் இல்லாதவர் வேலை செய்யும் வழக்கமும் உண்டு. கையெழுத்திடுபவர் வீட்டுக்கு வந்து தாமே அளந்து பார்க்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லுங்கள். நியான் டெஸ்டரை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருபவரால் உங்கள் கேள்விக்கு விடை தர முடியாது. ஃபேஸ் வருகிறதா என்பதைத் தவிர அது வேறு எதையும் சொல்லாது, அதைக்கூடச் சில சமயம் தவறாகச் சொல்லும். இன்சுலேஷனின் (வயரின் மேலுறையின்) தடையை அளக்கும் மெக்கர் வேண்டும், எர்த் சோதிக்கும் கருவி வேண்டும், ஆர்.சி.சி.பி. எவ்வளவு நேரத்தில் விழுகிறது என்று அளக்கும் கருவியும் வேண்டும். 230 வோல்ட் சர்க்யூட்டை 500 வோல்ட் மெக்கரால் சோதித்தால், இன்சுலேஷன் தடை குறைந்தது 1 மெகா ஓம் இருக்க வேண்டும் என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் தரவரையறை. நல்ல புதிய வயரிங்கில் அது பல மடங்கு கூடுதலாகவே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு ஆர்.சி.சி.பி. 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். சோதனை அறிக்கையில் எர்த் வயரின் தடை எல்லாப் பாயிண்டுகளுக்கும் ஒரே எண்ணாக இருந்தால் ஏற்காதீர்கள். வயரின் நீளம் இடத்துக்கு இடம் மாறும்போது அந்த எண்ணும் மாறியே தீரும்.

வண்ணம் பூசுவதை, இந்த அறிக்கை கைக்கு வரும் வரை தள்ளிவையுங்கள். சுவருக்குள் பெட்டி இல்லாமல் முறுக்கிப் பூசிவிட்ட இணைப்புகள் இருந்தால், அவற்றைத் தேடிச் சுவரை உடைக்க நேரும். உடைத்த இடங்களைப் பூசுவதற்கு முன் ஒவ்வொன்றையும் அளவுகோல் வைத்துப் புகைப்படம் எடுத்து, அறிக்கையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.