கடனுக்கு முன்னால் இரவு ஒன்பது மணியைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 44. மார்த்தாண்டம் பக்கம் ஏத்தங்காய் (நேந்திரன் வாழைக்காய்) சிப்ஸ், சர்க்கரை வரட்டி, முறுக்கு போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஆறு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். மாதம் 4 லட்சம் வரை விற்பனை. சந்தை விலையை வைத்துக் கணக்குப் போட்டால் எல்லாச் செலவும் போக 55,000 நிற்க வேண்டும். 15,000 நின்றாலே பெரிய காரியமாக இருக்கிறது. கணவர் மஸ்கட்டில், வீட்டுச் செலவு அவர் அனுப்புவதில் ஓடிவிடுகிறது. முன்பெல்லாம் காலையில் நானே சந்தைக்குப் போய்க் குலை எடுப்பேன். ஒரு வருடமாக எழுந்திருக்க முடியவில்லை, வியாபாரி வீட்டில் கொண்டுவந்து இறக்குகிறார், கிலோவுக்கு 3 ரூபாய் கூட.

1.4 லட்சத்துக்கு ஒரு பேக்கிங் மெஷின் பார்த்திருக்கிறேன். அதற்கும் கையிருப்புக்கும் சேர்த்து ஒரு செயலியில் 5 லட்சம் தருகிறார்கள், 24 சதவீத வட்டி, 3 வருடம். வாங்கலாமா, நகையைப் பணயம் வைக்கலாமா? பெண்களுக்கென்றே வந்திருக்கும் யூலிப் பாலிசியில் வருடம் 1 லட்சம் போடச் சொல்கிறார் தெரிந்த ஏஜென்ட். தம்பி 8 லட்சத்துக்கு வண்டிக் கடன் எடுக்கிறான், ஜாமீன் கையெழுத்து கேட்கிறான். ஆறு மாத ஜிபே பட்டியலும் சம்பளத் தாளும் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று, எழுதவே கூச்சமாக இருக்கிறது. வேலை முடிந்து ராத்திரி இரண்டு பெக் பிராந்தி எடுப்பேன். வண்டி ஓட்டுகிற பையன்தான் வாங்கி வருவான். மாதம் ஐந்து பாட்டில், ஒன்று 1,200. அது பெரிய செலவில்லை என்று நினைக்கிறேன்.

- பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்

பதில்: கூச்சத்தோடு கடைசியில் எழுதினீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அதில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறது.

நீங்கள் குடிப்பது சரியா தப்பா என்று பேச நான் ஆள் இல்லை. பணம் எங்கே போகிறது என்பதுதான் என் வேலை. பாட்டில் பெரிய செலவில்லை என்கிறீர்கள். மாதம் 6,000, பையனுக்குக் கையில் கொடுப்பது பாட்டிலுக்கு நூறு என்றால் 6,500. வருடத்துக்கு 78,000. சரி, 4 லட்சம் விற்கிறவருக்கு இது தாங்கும் செலவுதான். அந்தப் பாட்டில் திறந்த பிறகு நடப்பதுதான் உங்களுக்குத் தாங்கவில்லை.

ஜிபே பட்டியலில் தம்பிக்குப் போன தொகைகளைத் தனியாகக் குறித்தேன். ஆறு மாதத்தில் 1,10,000. அவற்றில் முக்கால்வாசி இரவு ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் போயிருக்கின்றன. 5,000, 8,000, ஒரு நாள் 15,000. பகலில் போனவை ஆயிரம், இரண்டாயிரம்தான். "எக்கா, ஒரு எட்டாயிரம் போட்டு வுடு, சம்பளம் வந்ததும் தாரேன்" என்று எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்று தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை. கேட்டால் கிடைக்கும் நேரம் எது என்று எல்லாச் சொந்தங்களுக்கும் தானாகத் தெரிந்துவிடும். இது மாதம் ஏறக்குறைய 18,000.

அடுத்தது காலை. குடித்துவிட்டுப் படுத்தால் தூக்கம் சீக்கிரம் வரும், ஆனால் பின்னிரவில் உடைந்துகொண்டே இருக்கும். ஏழு மணி நேரம் படுத்தும் எழும்போது உடம்பு அசதியாக இருப்பது அதனால்தான். மாதவிடாய் நிற்கப்போகிற வயதில் இரவில் வியர்த்துக் கொட்டுவது இருந்தால், சிலருக்கு மது அதையும் கூட்டும். விளைவு என்ன? சந்தை முடிந்த பிறகு நீங்கள் எழுகிறீர்கள். உங்கள் விற்பனைக்கு ஒரு நாளைக்கு 150 கிலோ காய் வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டால், 3 ரூபாய் வீதம் 450. மாதம் 25 நாள் வேலை என்றால் 11,000 ரூபாய். வியாபாரி கொண்டுவந்து இறக்குகிற குலையில் பிஞ்சும் அடிபட்டதும் எவ்வளவு என்பது உங்களுக்குத்தான் தெரியும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. எண்ணெய்க்கு 2025-இல் கொடுத்த விலையை மறந்திருக்க மாட்டீர்கள். அதைக் குறைக்க உங்களால் முடியாது. காயின் விலையை நேரில் போய்ப் பேசிக் குறைக்க முடியும், இத்தனை வருடம் செய்தும் காட்டியிருக்கிறீர்கள்.

அப்புறம், அந்தப் பையன். சம்பளத் தாளில் அவர் பெயருக்கு நேரே 36,000 முன்பணம் ஒரு வருடமாக அப்படியே நிற்கிறது. மற்ற ஆறு பெண்களுக்கும் முன்பணத்தை மாதாமாதம் பிடித்திருக்கிறீர்கள். இவரிடம் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. ஏன் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் ஊகிக்கத் தேவையில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மது அருந்துகிறவர்கள் 1.3 சதவீதம், ஆண்களில் ஏறக்குறைய 19. நம் ஊரில் ஒரு ஆண் மொத்த வியாபாரி டாஸ்மாக் வாசலில் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நீங்கள் நின்றால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் குலசேகரம் வரை பேச்சாகிவிடும். ஆகவே இன்னொருவர் வாங்கித் தர வேண்டியிருக்கிறது, வாங்கித் தருகிறவரிடம் நீங்கள் முதலாளியாகப் பேச முடியாமல் போகிறது. அதே பாட்டிலுக்கு ஆண்களைவிடப் பெண்கள் கொடுக்கும் கூடுதல் விலை இது. இதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுத முடியாது. பிடிக்காமல் விட்ட 36,000-ஐப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து, மாதம் 3,000 என்று நான் எழுதிக்கொள்கிறேன்.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பட்டியலில் தாமதக் கட்டணம் நான்கு முறை போயிருக்கிறது. மாதாமாதம் கணக்குக் காட்டி வரி கட்டுகிறவர்களின் 3பி படிவம் அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் போக வேண்டும். தவறினால் நாளுக்கு 50 ரூபாய், பாக்கி வரிக்கு வருடத்துக்கு 18 சதவீத வட்டி. தொகை சின்னது, மாதத்துக்கு ஐந்நூறைத் தாண்டாது. ஆனால் கணக்கு எழுதும் வேலையை எந்த நேரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறீர்கள் என்பதை அது காட்டுகிறது.

கூட்டிப் பாருங்கள்: 6,500, 18,000, 11,000, 3,000, 500. ஏறக்குறைய 39,000. உங்களுக்குக் காணாமல் போவது 40,000. ரூபாய் சுத்தமாகப் பொருந்த வேண்டியதில்லை, பணம் எந்த வாசல் வழியாகப் போகிறது என்பது தெரிந்துவிட்டது.

இந்த நிலையில் 5 லட்சம் கடன் வாங்கினால் என்ன ஆகும்? 24 சதவீதத்துக்கு மூன்று வருடம் என்றால் மாதத் தவணை 19,600 வரும். மொத்தமாக 7 லட்சத்துக்கு மேல் கட்டுவீர்கள். இப்போது கையில் நிற்பது 15,000. தவணைக்கே 4,600 குறைகிறது, அதற்கு நகை போகும், நகை போன பிறகு இன்னொரு செயலி வரும். ஓட்டைப் பானையில் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற வேலை. செயலிக் கடனை விட்டுவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் ஒப்புதல் என்று விளம்பரம் செய்கிறவர்கள் அந்த ஐந்து நிமிடம் இரவு பத்து மணிக்கு அமைந்தால் மிகவும் சந்தோஷப்படுவார்கள்.

மெஷின் 1.4 லட்சம்தானே? கையிருப்புக் கடனை விட்டு, அந்த மெஷினை மட்டும் கணக்குப் போடுவோம். குடியை வாரத்துக்கு இரண்டு இரவு என்று குறைத்தால் பாட்டில் மாதம் ஒன்றரையில் நிற்கும், 4,000 மிச்சம். சந்தைக்கு நீங்களே போனால் 11,000. தம்பிக்கு மாதம் 5,000 என்று முடிவு செய்து, ஒன்றாம் தேதி பகலில் போட்டுவிட்டால் 13,000. மாதம் 28,000 கையில் நிற்கிறது. ஐந்து மாதத்தில் மெஷின், வட்டி இல்லாமல். ஓணத்துக்கு முன்னால் வேண்டும், காத்திருக்க முடியாது என்றால் உங்கள் கணக்கு இருக்கும் வங்கியில், சிறு தொழில்களுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கேளுங்கள். 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவில், சொத்து ஜாமீன் இல்லாமல் தருகிறார்கள். மூன்று மாதம் ஜிஎஸ்டி நேரத்தில் போயிருந்தால் மேனேஜரிடம் பேசுவது சுலபம். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

ஜாமீன் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பொறுமை குறைவு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 128-இன்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. தம்பி தவறினால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். ஆறு மாதத்தில் 1,10,000 கைமாற்று வாங்கித் திருப்பித் தராதவர் 8 லட்சத்துக்குத் தவணை கட்டுவார் என்று நம்ப உங்களிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? மறுத்துவிடுங்கள். நேரில் முடியாவிட்டால் "மஸ்கட்டில் கேட்டேன், வேண்டாம் என்கிறார்" என்று சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் கணவருக்கு இந்த மாதிரி உபயோகமும் உண்டு.

வழக்கத்தை மாற்ற மூன்று காரியம் போதும். கணக்கு எழுதுவதும் பணம் அனுப்புவதும் கையெழுத்துப் போடுவதும் மாலை ஆறு மணிக்குள் முடிய வேண்டும்; அதற்குப் பிறகு வருவது எதுவானாலும் "காலையில் பார்க்கலாம்". ஜிபேயில் இருந்து தொழில் கணக்கை எடுத்துவிட்டு, 5,000 மட்டும் இருக்கிற வேறு கணக்கை இணைத்துக்கொள்ளுங்கள். இரவில் மனம் இளகினாலும் கை எட்டாது. மூன்றாவது, பையனின் முன்பணத்தை மாதம் 3,000 வீதம் பிடியுங்கள். மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே, காரணம் சொல்லாமல். அவரை இனி பாட்டில் வாங்க அனுப்பாதீர்கள். இது கொஞ்சம் சங்கடமாக இருக்கும், தெரியும். கணவர் ஊருக்கு வரும்போது அவரிடமே விஷயத்தைப் பேசி அவர் மூலம் வாங்கிக்கொள்வது எவ்வளவோ நல்லது.

ஒரு எச்சரிக்கை. மாதம் ஐந்து பாட்டில் என்றால் 3,750 மில்லி, நாளுக்கு 125. பிராந்தியில் மதுவின் அளவு 42.8 சதவீதம் என்றால் ஒரு நாளைக்குச் சுத்தமான மது 42 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் பெண்களுக்கு 40 கிராமைத் தாண்டுவது அதிக அபாயப் பிரிவு. பெண் உடம்பில் நீர் குறைவு என்பதால் அதே அளவு ஆணைவிட ரத்தத்தில் அதிகமாக ஏறும், மார்பகப் புற்றுநோய் ஆபத்தும் கூடும். தினமும் இந்த அளவு எடுக்கிறவர் ஒரே நாளில் நிறுத்தினால் சிலருக்குக் கை நடுக்கம், வியர்வை, அரிதாக வலிப்பு வரை போகும். ஆகவே வைராக்கியமாக எதையும் செய்யாமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வீட்டில் இருந்தே பேச வேண்டுமானால் அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை டெலிமானஸ் 14416, இலவசம். மாதச் சந்தா கேட்கும் செயலி, கடற்கரை ரிசார்ட்டில் ஐந்து நாள் டீடாக்ஸ் என்றெல்லாம் இப்போது நிறைய விற்கிறார்கள். அதற்குக் கொடுக்கிற பணத்தில் உங்களுக்கு மூன்று நாள் காய் வந்துவிடும்.

யூலிப் கேள்விக்கு வருகிறேன். பெண்களுக்கென்றே என்று மேலே எழுதியிருந்தாலும் அது யூலிப்தான், காப்பீட்டையும் சந்தை முதலீட்டையும் ஒன்றாகக் கட்டிய பாலிசி: ஐந்து வருடம் பணத்தை எடுக்க முடியாது, கட்டணம் பல பெயரில் பிடிப்பார்கள். மாதம் 15,000 நிற்கிற இடத்தில் வருடம் 1 லட்சம் கட்டினால் இரண்டாம் வருடமே தவறும். உங்களுக்குத் தேவைப்படுவது, உயிருக்கு மட்டும் காப்பீடு தரும் சாதாரண டேர்ம் பாலிசியும் மருத்துவக் காப்பீடும். இரண்டையும் எடுக்கும்போது விண்ணப்பத்தில் மது அருந்துவீர்களா, எவ்வளவு என்று கேட்டிருப்பார்கள். ஏஜென்ட் "இல்லைன்னு போட்டுடுங்க, யாரு பாக்கப் போறா" என்பார். உள்ளபடி எழுதுங்கள். பிரீமியம் கொஞ்சம் கூடலாம், ஆனால் மூன்று வருடத்துக்குள் மறைத்தது தெரிந்தால் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் பாலிசியையே கேள்வி கேட்கலாம். குடிப்பழக்கத்துக்கான சிகிச்சைக்கும் அதனால் வரும் பாதிப்புக்கும் பணம் கிடையாது என்பது மருத்துவக் காப்பீடுகளில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், அதுவும் பகலில்.