கருவேலம் இன்னும் அக்கேசியாவா? கேள்வி பதில்

சீமைக்கருவேலத்தை நெல்டுமா என்கிறார்களே?
ஆமாம். அது முன்பு புரோசோபிஸ் பேரினத்தில் இருந்தது. 2022-இல் அந்தப் பேரினத்தை நான்காகப் பிரித்தார்கள்; சீமைக்கருவேலம் நெல்டுமா என்ற துண்டுக்குப் போனது. உலர்தாவர மாதிரியில் ஒட்டிய பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்காமல் புதியதைப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

வன்னியும் மாறிவிட்டதா?
இல்லை. அந்தப் பேரினத்தின் வகைமாதிரியே, அதாவது பேரினத்தின் பெயர் எந்த இனத்தோடு கட்டப்பட்டிருக்கிறதோ அதுவே, வன்னிதான். அதனால் புரோசோபிஸ் என்ற பெயர் அதோடு தங்கிவிட்டது.

அந்தக் கணக்கில் அக்கேசியா என்ற பெயர் கருவேலத்துக்குத்தானே வரவேண்டும்? ஆஸ்திரேலியாவுக்கு ஏன் போனது?
நியாயமான கேள்வி. அக்கேசியா ஒரே மூதாதையிலிருந்து வந்த ஒரே கிளை இல்லை என்று டி.என்.ஏ. ஆய்வில் தெரிந்தது. பழைய வகைமாதிரி கருவேலம். விதியை அப்படியே பின்பற்றினால், ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் இனங்களும் பெயர் மாறவேண்டும். ஆகவே வகைமாதிரியையே ஓர் ஆஸ்திரேலிய இனத்துக்கு மாற்றலாம் என்று தாவரப் பெயரிடல் குழு பரிந்துரைத்தது. 2005 வியன்னா பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் 54.9 விழுக்காட்டினர் எதிர்த்தார்கள். பரிந்துரையைத் தள்ள 60 வேண்டும். எனவே அது நின்றது; 2011-இல் மெல்பர்னிலும் உறுதியானது. நம் கருவேலம் வச்செல்லியா நிலோட்டிகா ஆனது. எனக்கு இன்றும் அதில் மனத்தாங்கல் உண்டு. ஆனாலும் புதுப் பெயரைத்தான் எழுதுகிறேன்.

ஓட்டுப் போட்டு முடிவு செய்வது அறிவியலா?
எது எதற்கு உறவு என்பதை யாரும் ஓட்டுக்கு விடவில்லை, அது ஆய்வில் தெரிவது. பிரித்த பிறகு பழைய பெயர் எந்தத் துண்டுக்கு என்பதுதான் ஓட்டுக்குப் போனது. இரண்டையும் குழப்பவேண்டாம்.

பெரும்பான்மை எதிர்த்தும் நிறைவேறியது அநியாயம் இல்லையா?
60 விழுக்காடு என்ற வரம்பு சரியா என்று வாதாடுங்கள், நானும் உங்கள் பக்கம்தான். பிரித்ததே தவறு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சால்சோலா காலி என்ற உவர்ச்செடியின் பெயர் போய்த் திரும்பி வந்தது எப்படி?
2007-இல் சால்சோலாவைப் பிரித்தபோது வகைமாதிரி சால்சோலா சோடாவாக இருந்தது. அதனால் காலி தனிப் பேரினமானது. தாவரப் பெயரில் ஒரே சொல் இரண்டுமுறை வரக்கூடாது. 'காலி காலி' செல்லாது. எனவே காலி டர்ஜிடம் என்றார்கள். 2017-இல் வகைமாதிரியை சால்சோலா காலிக்கே மாற்றியதும் பழைய பெயர் மீண்டது. இப்போது சோடா வெளியே போய் சோடா இனெர்மிஸ் ஆகிவிட்டது. பழைய சீட்டைக் கிழித்தவர்களுக்கு இந்த வரலாறே கையில் இருக்காது.

கருவேலத்துக்கு எந்தப் பெயர் சரி?
மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

உவர்நிலத்தில் எடுத்த உமரிப் படம் அனுப்பினேன், இது எது?
படத்தை மட்டும் வைத்து இனம் சொல்லமாட்டேன். சதைப்பற்றான இலை இருந்தால் சுவேடா என்ற பேரினத்தின் பக்கம் பாருங்கள். இலையே தெரியாமல் தண்டு கணுக்கணுவாக இருந்தால் சாலிகோர்னியா வகையறா. பூவோடு மாதிரி எடுத்துவந்து உலர்தாவரத் தொகுப்பில் ஒப்பிடுங்கள்.