பக்கத்து வண்டி இடித்து, காரின் பின்கதவில் ஒடுக்கு விழுந்துவிட்டது. பெயிண்ட் போகவில்லை. வீடியோ பார்த்து நானே எடுக்கலாமா, டிங்கரிங் கடைக்குத்தான் போக வேண்டுமா?

ஒடுக்கு எவ்வளவு பெரியது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நான் அப்படிச் செய்துதான் ஒரு கதவைக் கெடுத்தேன்.

முதலில் எனக்கு ஒடுக்கு விழுந்தது பின் பம்பரில். ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்து, ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உள்ளே போய்விட்டது. பெயிண்டில் விரிசல் விழவில்லை. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூடு பட்டால் இளகும். கொதித்த தண்ணீரை மெதுவாக ஊற்றி, கையுறை போட்டு உள்பக்கமிருந்து தள்ளினேன். டப்பென்று வெளியே வந்துவிட்டது.

அந்தத் தைரியத்தில் அடுத்ததிலும் கை வைத்தேன். முன்கதவில் பைக் ஹேண்டில்பார் குத்திய ஒடுக்கு, ஐந்து ரூபாய்க் காசு அளவுதான். ஆனால் நடுவில் கூராக இருந்தது. கதவின் உள்பக்க மூடியைக் (டோர் பேட்) கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து சுத்தியலால் தட்டினேன். கதவுத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடிக்க அடிக்க விரிந்துகொண்டே போகும். பள்ளம் மேடாகி, அழுத்தினால் பிஸ்கட் டப்பா மூடி மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது.

கடைசியில் டிங்கரிடம்தான் போனேன். விரிந்த இடத்தை கேஸ் நெருப்பில் புள்ளி புள்ளியாகச் சுட்டு, உடனே ஈரத்துணியால் ஒற்றித் தகட்டைச் சுருக்கினார். மேடு பள்ளத்தை உள்ளங்கையால் தடவித்தான் பார்த்தார், கண்ணை நம்பவில்லை. "தட்டாம கொண்டு வந்திருந்தா இவ்வளவு பட்டி வேண்டாம் தம்பி" என்றார். அப்புறம் பள்ளத்தை நிரப்பும் அந்தப் பட்டிப் பசை, பிரைமர், பெயிண்ட் என்று முழுக் கதவுக்கும் வேலை.

ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் உங்கள் கதவைப் பாருங்கள். விளக்கின் பிம்பம் ஒடுக்கின் மேல் மெதுவாக வளைந்தால் தகடு விரியவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம். சட்டென்று ஒடிந்தால் மடிப்பு விழுந்திருக்கிறது, தொடாதீர்கள். கதவு விளிம்பு, கண்ணாடிக்குப் பக்கத்துத் தூண், சென்சார் உள்ள பம்பர் இவற்றிலும் கை வைக்க வேண்டாம். நகத்தை ஓட்டிப் பார்த்து பெயிண்டில் விரிசல் தட்டுப்பட்டால் தள்ளிப்போடவே கூடாது. நான் இருக்கும் தூத்துக்குடி உப்புக்காற்றில் துரு பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.

இன்சூரன்ஸ் கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள். தொடர்ந்து 5 வருடம் கிளெய்ம் இல்லாமல் இருந்தால், சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50% வரை போனஸ் தள்ளுபடி உண்டு. இந்த போனஸைக் காப்பாற்றும் தனி ஆட்-ஆன் (கூடுதல் பணம் கட்டி வாங்குவது) இல்லையென்றால் ஒரு கிளெய்மில் அது பூஜ்யத்துக்குப் போய், மறுபடி 20 சதவீதத்திலிருந்து ஏற வேண்டும். சின்ன ஒடுக்குக்கு அது கட்டுப்படியாகாது.

உங்களுடையது அகலமான, ஆழமில்லாத ஒடுக்காக இருந்தால், கதவு வெயிலில் கொஞ்சம் சூடான பிறகு ரப்பர் சக்ஷன் கப் வைத்து நாலைந்து தடவை இழுத்துப் பாருங்கள். வரவில்லையா, சரி, அதோடு நிறுத்திவிட்டு, பெயிண்டைத் தொடாமல் கம்பி விட்டு எடுக்கிறவரிடம் காட்டுங்கள். சுத்தியல் மட்டும் எடுக்காதீர்கள்.