விறகுக் கணக்கு

கேள்வி: மதச் சகிப்புக்காக முதலில் குரல் கொடுத்தவர்களுள் ஒருவர் என்று செபாஸ்டியன் காஸ்டெலியோவைச் சென்ற இதழில் புகழ்ந்திருந்தீர்கள். அவர் ஆற்றங்கரையில் விறகு திருடியவர் என்று கால்வினே எழுதியிருப்பதாக என் நண்பர் சொல்கிறார். உண்மையா?
- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: ஜெனீவாவின் கிறிஸ்தவச் சீர்திருத்தத் தலைவரான கால்வின் எழுதியது உண்மை, 1558இல், எல்லாம் இறைவன் விதித்தபடியே நடக்கிறதா என்ற வாதத்துக்கு நடுவில் எழுதினார். விறகைப் பற்றிக் கேட்டுவிட்டீர்கள், விறகையே பார்ப்போம். இடவப்பாதியில் சித்தூர்ப் புழை கலங்கிப் பெருகி வரும்போது, தொரட்டிக் கோலோடு கரையில் நின்று மிதந்து வரும் கட்டையை இழுத்துப் போடுபவரை உங்கள் பக்கத்தில் யாரும் திருடன் என்பதில்லை. காஸ்டெலியோ வாழ்ந்த சுவிஸ் நகரமான பாசலில் ரைன் நதிக்கரை வழக்கமும் அதுவே. வெள்ளம் கொண்டுவரும் மரத்துக்கு உடையவர் இல்லை என்றும், பட்டப்பகலில் ஊராரோடு சேர்ந்தே எடுத்ததாகவும், நகர மன்றமே அதற்குக் கூலி தந்ததாகவும் காஸ்டெலியோ பதில் எழுதினார்.

1551இல் வெளிவந்த தம் லத்தீன் பைபிளுக்காக உழைத்த ஆண்டுகளில் அவர் ஒபோரினுஸ் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பிழை திருத்துபவரின் சம்பளத்தில் அடுப்பெரியாது என்று இப்பக்கத்தில் நான் எழுதிச் சலித்துவிட்டேன். அந்த மரபை நம் பதிப்பாளர்கள் இன்றுவரை பக்தியோடு காத்து வருகின்றனர்.

விறகுக் கணக்கு பார்ப்பதானால் ஜெனீவாவின் கணக்கையும் எடுக்க வேண்டும். ஒரே கடவுள் தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கிறார் என்ற திரித்துவத்தை மறுத்த செர்வேதுஸ் என்ற மருத்துவரை 1553 அக்டோபர் 27 அன்று அங்கே உயிரோடு எரித்தார்களே, அந்த விறகை உங்கள் நண்பர் எந்தப் பற்றில் எழுதுவார்? மறு ஆண்டே காஸ்டெலியோ புனைபெயரில் ஒரு தொகுப்பு வெளியிட்டார். மாற்றுக் கருத்தினரைத் தண்டிக்கலாகாது என்று முன்னோர் சொன்னவற்றைத் திரட்டியவர், அவற்றோடு கால்வினின் பழைய வரிகளையும் சேர்த்துவிட்டார். கால்வினுக்கு இதைவிடக் கோபமூட்ட வேறெதுவும் வேண்டியதில்லை. ‘ஒரு மனிதனைக் கொல்வது கொள்கையைக் காப்பதாகாது, அது மனிதனைக் கொல்வதே' என்ற வரி, கால்வினுக்கு மறுப்பாகக் காஸ்டெலியோ அடுத்து எழுதிய நூலில் வருகிறது. அந்நூல் அவர் காலமாகி 49 ஆண்டுகள் கழித்து, 1612இல்தான் ஹாலந்தில் அச்சாயிற்று.

இறந்த ஆண்டான 1563இல் அவர் எழுதிய, ஐயுறும் கலையைப் பற்றிய நூல் முழுமையாக அச்சேற 1981 ஆயிற்று. அதற்குப் பிழை திருத்தியவருக்கு என்ன சம்பளம் தந்தார்கள் என்பதையும் உங்கள் நண்பர் விசாரித்துச் சொன்னால், அடுத்த இதழில் மகிழ்ச்சியோடு வெளியிடுகிறேன்.